கைப்பேசிக்குள் ஒரு சோதனைச் சாவடி

எல்லையில் பிறந்தவர்க்குச் சோதனைச் சாவடி புதிதன்று. பாலக்காட்டுச் சீமையில் வாளையாறு, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கி மலைமேல் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. இவ்விடங்களிலெல்லாம் குறுக்குக் கட்டைக்கு முன் நின்று பழகியவர்கள் நம் முன்னோர். மூட்டையை அவிழ்த்துக் காட்டினார்கள்; பெயர் சொன்னார்கள்; எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற வினாவுக்கு இரு மொழிகளில் விடை பகர்ந்தார்கள். 2017 ஆம் ஆண்டில் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தபோது அதே இடங்களில் கட்டை மீண்டும் இறங்கிற்று. இணையவழி அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் வாளையாற்றில் காத்துக் கிடந்தார்கள்.

இப்பொழுது மூன்றாவது சாவடி ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது. இதற்குக் கட்டையும் இல்லை, காவலரும் இல்லை. இது நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் எழுகிறது. "உன் அகவை என்ன? உன் பெற்றோர் யார்? சான்று எங்கே?" என்பது அதன் வினா. குழந்தைகளைக் காப்பதற்காக என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைப் படித்ததும் நாம் எல்லோரும் தலையசைத்து விடுகிறோம். தலையசைப்பதற்கு முன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

முதலில் சட்டம் சொல்வதைக் காண்போம். 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 அகவை நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. அக்குழந்தையைப் பற்றிய தரவை எந்த நிறுவனம் கையாள வேண்டுமாயினும், சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அதன் 9 ஆம் பிரிவு விதிக்கிறது. அப்பிரிவை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. ஒப்புதலை எவ்வாறு பெறுவது என்பதை 2025 நவம்பரில் வெளியான விதிகள் விளக்குகின்றன. அவ்விதிகளுள் இப்பகுதி, அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 திங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என்றும் அவை கூறுகின்றன.

இது நம் நாட்டில் மட்டும் வீசும் காற்று அன்று. ஆஸ்திரேலியாவில் 16 அகவைக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2023 ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி 2025 ஜூலை 25 முதல் அகவைச் சோதனை கட்டாயமாயிற்று. அதனை நீக்குமாறு நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தனர். 2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போன்றதொரு சட்டத்தை ஒன்றிய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்று கூறிற்று. கம்பமும் போடியும் அக்கிளையின் எல்லைக்குட்பட்டவை, மலையேறினால் இடுக்கி. ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் இருந்துவிடுதல் இயலாது.

சட்டத்தை வரவேற்பவர்களை நான் பழிக்கவில்லை. அவர்களுடைய அச்சம் மெய்யானது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு லயத்திற்குத் திரும்பும் தாய், தன் மகள் நள்ளிரவில் யாரோடு பேசுகிறாள் என்று அறியாமல் தவிப்பதை எவர் மறுப்பார்? காணத் தகாதவை பிள்ளைகளின் கண்முன் கொட்டிக் கிடக்கின்றன. கயவர் பொய்ப்பெயரில் உலவுகின்றனர். காவல் வேண்டும், ஐயமில்லை. எந்தக் காவல், யார்மீது காவல் என்பதே வழக்கு.

முதற்குறை இது. புதிய விதி சோதிப்பது எதை? பெற்றோர் என்று சொல்லிக்கொண்டு ஒப்புதல் தருபவர் அகவை முதிர்ந்தவர்தானா, தேவை ஏற்பட்டால் அடையாளம் காணத்தக்கவர்தானா என்பதை அது சோதிக்கிறது. அவர் அக்குழந்தையின் தாயோ தந்தையோதானா என்பதைச் சோதிக்குமாறு விதி கூறவில்லை! அஃதாவது, ஆவணங்கள் ஒழுங்காக வைத்திருக்கும் அயலான் ஒருவன் "நானே தந்தை" என்று சொல்லி ஒப்புதல் அளித்துவிடலாம். ஆவணம் குறைந்த உண்மைத் தாய் வாயிலில் நிற்பாள். எந்தக் கயவனுக்கு அஞ்சி இந்தச் சாவடி எழுந்ததோ, அவனுக்கு வழிவிட்டு அன்னையை மறிக்கும் சாவடியைக் காவல் என்று எங்ஙனம் அழைப்பது?

இரண்டாவது குறை நம் குடும்பங்களின் அமைப்பைப் பற்றியது. இம்மலரை விரித்துப் படிக்கும் இல்லங்களுள் பலவற்றில் தந்தை திருப்பூரிலோ கோவையிலோ வளைகுடாவிலோ இருப்பார்; தாயும் உடன் சென்றிருப்பார்; பிள்ளை மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பாட்டியிடம் வளரும். அப்பாட்டியே சோறூட்டுகிறார், பள்ளிக்கு அனுப்புகிறார், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார். ஆயின் சட்டம் அறிந்தவர்கள் பெற்றோரும் சட்டமுறைக் காப்பாளருமே. நீதிமன்ற ஆணை பெற்றுத் தன் பேரனுக்குக் காப்பாளராகிய பாட்டி எந்த மலையில் இருக்கிறார்? இதே சட்டத்தின் 15 ஆம் பிரிவு, தரவு தருகையில் பிறராக நடித்தல் கூடாது என்று குடிமக்களுக்குக் கடமை வகுத்திருக்கிறது. அக்கடமையை மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மகனின் பெயரில் பொத்தானை அழுத்தும் பாட்டி குற்றவாளியா, பேரனின் பாடத்திற்கு வழிதிறந்த புண்ணியவதியா?

மூன்றாவது குறை ஆவணங்கள். நாம் ஏடுகளால் மிகவும் அலைக்கழிக்கப்பட்ட மக்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. சித்தூர் வட்டமும் அவ்வாறே நின்றது. அன்று முதல் நம் பெயர்கள் தமிழில் பிறந்து, மலையாளத்தில் பதிந்து, ஆங்கிலத்தில் அச்சேறுகின்றன. லட்சுமி என்ற எளிய பெயர் பள்ளிச் சான்றில் ஒரு வடிவும், குடும்ப அட்டையில் வேறு வடிவும், ஆதாரில் மூன்றாம் வடிவும் கொள்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்க, வேறோரிடத்தில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. மனிதக் கண் ஒரே ஆள் என்று உணர்வதைப் பொறியின் கண் இருவர் என்று தள்ளிவிடும்.

ஏடு எத்துணைத் தொல்லை தரும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2021 ஆம் ஆண்டில் தேவிகுளம் தனித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. அவருடைய முன்னோர் 1950 ஆம் ஆண்டிற்கு முன்பே மலையேறி வந்தார்களா என்பதும் அவ்வழக்கில் ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று. சட்டமன்ற உறுப்பினரின் பாட்டனாருக்கே ஏடு தேட வேண்டியிருந்ததென்றால், ஏலத்தோட்டத் தொழிலாளியின் பேத்திக்கு யார் தேடித் தருவார்? 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி மலை சரிந்து 70 பேரை விழுங்கியபோது, லயங்களோடு அவர்களுடைய தகரப்பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. அப்பெட்டிகளில் இருந்தவைதாம் அவர்களுடைய ஆவணங்கள்.

அவ்வாறு ஆவணம் தடுமாறும்பொழுது நம்மவர் செய்வது என்ன? கேரளத்தில் அட்சய மையத்திற்கும், தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திற்கும் ஓடுவர். அங்கிருப்பவர் கேட்கும் ஓ.டி.பி. எண்ணைப் படித்துக் காட்டுவர். எதற்கு ஒப்புதல் அளித்தோம் என்று அறியாமலே வீடு திரும்புவர். வீட்டிற்கொரு கைப்பேசி, அதனைத் தந்தையும் தாயும் மூன்று பிள்ளைகளும் மாறிமாறிப் பயன்படுத்துவது என்பதே பல லயங்களின் நிலை. அங்கே தந்தையின் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை முதலில் பார்ப்பவன் பிள்ளையே! சட்டத்தின் ஏட்டில் அது பெற்றோரின் ஒப்புதல். உண்மையில் அது பிள்ளை தானே தனக்கு அளித்துக்கொண்ட வரம்.

நான்காவது குறை எல்லாவற்றினும் பெரிது. இவர் குழந்தை என்று அறிவதற்கு வழி என்ன? விதிகளோடு தந்துள்ள எடுத்துக்காட்டுகள், குழந்தையோ பெற்றோரோ தாமாக முன்வந்து அறிவிப்பதாகக் கொண்டு தொடங்குகின்றன. அறிவிக்காத பிள்ளையை என்ன செய்வது? 200 கோடித் தண்டத்திற்கு அஞ்சும் நிறுவனம், வருவோர் அனைவரிடமும் சான்று கேட்கத் தொடங்கும். அறுபது அகவைக் கிழவரும் தாம் குழந்தை அல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டும். முகத்தைப் படமெடுத்து அகவையைக் கணிக்கும் பொறிகளும் உண்டு. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் அத்தகைய ஆறு பொறிகளை ஆராய்ந்து, பிழையின் அளவு பாலுக்கும் பிறந்த நாட்டிற்கும் ஏற்ப மாறுவதையும், பெண்களின் முகங்களில் பெரும்பாலும் மிகுவதையும் எடுத்துக் காட்டிற்று.

சேர்ந்த சான்றுகள் எங்கே போகும்? 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்னும் உரையாடல் தளம், தன் பணியை ஏற்றிருந்த வேறொரு நிறுவனத்தின் வழியாக, அகவை தொடர்பான முறையீடுகளுக்காகப் பயனர் தந்திருந்த அரசு அடையாளச் சான்றுகளின் படங்கள் ஏறத்தாழ 70,000 பேருடையவை வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. காவலுக்கெனக் கேட்டு வாங்கிய சான்றே களவு போயிற்று. வேலி பயிரை மேய்ந்த கதையை இதனினும் தெளிவாக எவர் சொல்ல முடியும்? கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளையும் முகத்தையும் எங்ஙனம் மாற்றுவது?

கேரள மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 2020 ஆம் ஆண்டில் தனிமைப்படுத்தப்பட்டோரின் உடல்நிலைத் தரவுகள் ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் சென்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம், ஆள் இன்னாரென அறிய முடியாதவாறு மாற்றிய பின்னரே தரவைத் தர வேண்டும், மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. நோய்க்காலத்தின் நெருக்கடியிலும் அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டும் என்பது அவ்வாணையின் பொருள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 ஆம் நாள் ஆதார் தீர்ப்பு, பள்ளியில் சேர்வதற்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று பிள்ளைகளைத் தனியே எண்ணிப் பார்த்துக் கூறிற்று. பள்ளியின் வாயிலில் கேட்கக் கூடாத சீட்டை, இணைய நூலகத்தின் வாயிலில் கேட்பது முறையா? "விருப்பமிருந்தால் தரலாம்" என்று சொல்லப்படும். வேறு வழி வைக்காதபோது விருப்பம் என்பது கட்டாயத்தின் மறுபெயர்.

ஐந்தாவதாக, பிள்ளைக்கும் உரிமை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கோழிக்கோட்டுக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை கைப்பேசி கூடாது என்ற விதியை எதிர்த்து மாணவி ஒருத்தி வழக்குத் தொடுத்தாள். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்புரைத்தது. அம்மாணவி அகவை முதிர்ந்தவள் என்பது உண்மையே. ஆயினும் பதினேழு அகவை மகள் தேர்வுக்குப் பாடம் தேடுவதும், தன் உடலில் நேரும் மாற்றத்தைப் பற்றி நல்லாசிரியரின் விளக்கத்தைப் படிப்பதும், வீட்டில் நேரும் கொடுமையைச் சொல்ல உதவி தேடுவதும் ஒவ்வொரு முறையும் தந்தையின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டுமா? கொடுமை செய்பவரே தந்தையாயின் என் செய்வாள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுச் சட்டம் இதற்கு 16 என்று எல்லை வகுத்து, அதனை 13 வரை குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு இடமளித்தது. அமெரிக்கச் சட்டம் 13 என்கிறது. நம் சட்டமோ 18 என்கிறது. அதே நாட்டில், 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 அகவை நிரம்பிய பிள்ளை இடர் இல்லாத தொழில்களில் கூலிக்கு வேலை செய்யலாம்! கடையில் மூட்டை தூக்குவதற்குப் போதுமான அகவை, இணையத்தில் ஒரு நூலைத் திறப்பதற்குப் போதாதாம். உழைப்பிற்கு முதிர்ந்தவன், அறிவிற்குக் குழந்தை என்னும் இம்முரணை ஏழைப் பிள்ளைகளே சுமப்பார்கள்.

குறை கூறினாய், மாற்று என்ன என்று அன்பர்கள் கேட்பது நியாயம். மாற்று நம் கண்முன்னே நிகழ்ந்து காட்டியிருக்கிறது. இணையவழிப் பண விளையாட்டுகளால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு தமிழ்நாடு 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றிற்று. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், ஆடுவோர் ஆதார் வழி அடையாளம் காட்ட வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்றன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் என்றது. போடிமெட்டின் கீழே ஒரு சட்டம், மேலே வேறு சட்டம் என்ற நிலை நிலவிற்று. மூன்று திங்கள்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 22 அன்று இசைவு பெற்ற ஒன்றியச் சட்டம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டு முழுவதையும் தடை செய்தது. அச்சட்டம் நடத்துவோனுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை தண்டமும் விதித்தது, ஆடுவோரைத் தண்டிக்கவில்லை. நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின.

அச்சட்டத்தை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. அதன் தகுதியை நீதிமன்றம் ஆராயட்டும். நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஆடுவோரை வாயிலில் நிறுத்தி ஆதார் கேட்டது ஒரு வழி. கடைக்காரனின் கையைப் பிடித்தது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் எந்தப் பிள்ளையின் சான்றும் எவருடைய பெட்டகத்திலும் சேரவில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அதே 9 ஆம் பிரிவில் ஒரு பொன்னான விதி உண்டு: குழந்தைகளைப் பின்தொடர்ந்து உளவு பார்த்தலும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடாது என்பது. அதனை விரிக்க வேண்டும். பயன்படுத்துவோர் தாமாகக் கேட்டாலன்றி எவரையும் பின்தொடரக் கூடாது. அறியாத அயலார் எவருக்கும் தாமாகச் செய்தி அனுப்பும் வழி திறந்திருக்கக் கூடாது. முடிவின்றி ஓடும் காட்சிகள் தாமே நிற்க வேண்டும் என்று எல்லார்க்கும் பொதுவாக விதித்துவிட்டால், யார் குழந்தை என்று துருவும் தேவை பெருமளவு ஒழியும். உளவுக் கண்ணை மூடிவிட்டால் அகவை கேட்கும் வாய்க்கு வேலையில்லை. முதியோர்க்கே உரிய காட்சிகளை விற்கும் தளங்கள் மட்டும் எஞ்சும். அங்கே "18 நிரம்பியவர்" என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டி, பெயரையும் முகவரியையும் காட்டாத அடையாள வில்லை போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் அத்தகைய முன்மாதிரி ஒன்றை வெளியிட்டது. நம் விதிகளிலும் வில்லை என்னும் சொல் இருக்கிறது. அதனை வழங்குபவருக்கு அது எங்கே காட்டப்பட்டது என்று தெரியக் கூடாது என்னும் உறுதிதான் வேண்டும்.

இவற்றையெல்லாம் மக்கள் அரசிடம் சொல்லவில்லையா? சொன்னார்கள். 2025 ஜனவரி 3 அன்று வரைவு விதிகள் வெளியாயின. மார்ச் 5 வரை கருத்துகள் பெறப்பட்டன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை வந்து சேர்ந்தன. ஆயின் அவற்றை எவருக்கும் எந்நிலையிலும் வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். நம் வீட்டு இரகசியத்தைப் பெற்றுக்கொள்ள விரும்பும் அரசு, நாட்டின் பொதுக் கருத்தை இரகசியமாக்கிக்கொண்டது! நம்மைப் போன்ற எல்லைத் தமிழர் என்ன சொன்னார்கள், சொன்னார்களா என்பதே தெரியாமல் போயிற்று.

ஆகவே நம் சங்கங்கள் வாளாவிருத்தல் தகாது. இச்சட்டப்படி ஒப்புதல் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் பெறும் உரிமை நமக்குண்டு. தமிழ் அவற்றுள் ஒன்று. தமிழில் தராத எந்த அறிவிப்பிலும் பொத்தானை அழுத்தாதீர். பெற்றோர் அயலூரில் இருக்கும் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எளிய முறையில் சட்ட ஏற்பு வேண்டும் என்று மூணாற்றிலிருந்தும் சித்தூரிலிருந்தும் விண்ணப்பங்கள் எழட்டும். ஒன்றியச் சட்டம் அகவை எல்லையைச் சில நிறுவனங்களுக்குக் குறைத்து அறிவிக்க அரசுக்கு இடம் தருகிறது; கல்வித் தளங்களுக்கு அதனைச் செய்யக் கேட்போம். அனைத்தினும் மேலாக, பிள்ளையோடு அமர்ந்து, அவன் என்ன பார்க்கிறான் என்று சினமின்றிக் கேட்போம். அந்த அரைமணி நேரத்திற்கு ஈடான பாதுகாப்பை எந்தச் சட்டமும் தராது.

நம் பாட்டனார் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டியது, அதில் அரிசியும் துணியும் இருந்தமையால். பேரன் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருப்பது அவனுடைய முகம், பிறந்த நாள், குடும்பம், உள்ளம். கட்டியபின் திருப்பித் தரக்கூடிய மூட்டை அன்று இது. ஓநாயைக் கட்டுங்கள் என்று கேட்போம். ஆட்டுக்குட்டியின் கழுத்தில் அடையாளச் சீட்டைக் கட்டி அனுப்புவதைக் காவல் என்று ஏற்க மறுப்போம்.